உடற்பயிற்சியும் இரத்த அழுத்தமும்: எப்போது அளப்பது, எப்படி அளப்பது

விறுவிறுப்பாக நடந்துவிட்டு வீடு திரும்பிய உடனே கருவியைக் கையில் கட்டி, 165/80 என்ற எண்ணைக் கண்டு அஞ்சி, மறுநாளிலிருந்து நடையையே நிறுத்திவிடுபவர்கள் உண்டு. பயிற்சி முடிந்து ஒரு மணி நேரம் கழித்து வரும் 116/72 என்ற எண்ணை மட்டும் பார்த்துவிட்டு, தமக்கு இனி மாத்திரை தேவையில்லை என்று தாமே முடிவு செய்துகொள்பவர்களும் உண்டு. இருவருடைய கருவியும் சரியாகவே வேலை செய்திருக்கிறது. பிழை, அளந்த நேரத்தில்தான் இருக்கிறது.

உயர் இரத்த அழுத்தம் இருக்கிறதா இல்லையா என்று மருத்துவர் தீர்மானிப்பதும், மாத்திரையின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும், 130 என்றும் 140 என்றும் எல்லைகள் வகுக்கப்பட்டிருப்பதும் ஓய்வு நிலையில் எடுத்த அளவுகளைக் கொண்டே. உழைக்கும் உடலின் அழுத்தத்தை அந்த எல்லைகளோடு ஒப்பிடுவதில் பொருள் இல்லை. ஆகவே பயிற்சியும் அளவீடும் ஒன்றையொன்று கெடுக்காதபடி இரண்டையும் நாளின் ஒழுங்கில் பொருத்திக்கொள்ளக் கற்க வேண்டும். அதற்கு, பயிற்சியின்போது உள்ளே என்ன நடக்கிறது என்பது சிறிதேனும் தெரிந்திருப்பது நல்லது.

உழைக்கும்போது அழுத்தம் ஏறுவது ஏன்

ஓய்வில் இருக்கும் பெரியவர் ஒருவரின் இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தத்தை வெளியேற்றுகிறது. உடல்நலமுள்ள ஒருவர் கடுமையாக உழைக்கும்போது இது 20 லிட்டரையும் எட்டக்கூடும். அவ்வளவு இரத்தம் தமனிகளுக்குள் பாயும்போது, இதயம் சுருங்கும் கணத்தில் ஏற்படும் அழுத்தம், அதாவது மேல் அளவு, உயர்ந்தே தீரும். அதே வேளையில், உழைக்கும் தசைகளுக்குச் செல்லும் சிறு இரத்தக் குழாய்கள் நன்றாக விரிந்துகொடுப்பதால், இதயம் தளரும் கணத்தில் எஞ்சி நிற்கும் அழுத்தமாகிய கீழ் அளவு பெரும்பாலும் மாறுவதில்லை. சிலருக்குச் சற்றே இறங்குவதும் உண்டு. நடை, ஓட்டம், மிதிவண்டி, நீச்சல் ஆகியவற்றின்போது மேல் அளவு ஏறுவதும் கீழ் அளவு இருந்த இடத்திலேயே நிற்பதும் இயல்பான உடலின் செயல்பாடு.

எவ்வளவு ஏறலாம் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஓய்வில் உடல் செலவிடும் ஆற்றலை ஓர் அலகாகக் கொண்டு உழைப்பின் கடுமையை அளக்கிறார்கள். அந்த அலகுக்கு மெட் என்று பெயர். ஒரு மெட் கூடுகிறபோது மேல் அளவு சுமார் 10 மி.மீ. பாதரசம் உயர்வது எதிர்பார்க்கத்தக்கது. விறுவிறுப்பான நடை ஏறத்தாழ 4 மெட் உழைப்பு என்பதால், ஓய்வில் 130 இருப்பவருக்கு நடையின்போது 160-ஐ ஒட்டி இருப்பதில் வியப்பில்லை. மாடிப்படி வேகமாக ஏறினாலும், சுமையோடு மேடு ஏறினாலும் இதைவிடக் கூடுதலாகவே போகும்.

பயிற்சியை நிறுத்தியதும் இந்த ஏற்றம் சில நிமிடங்களில் தணிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு நடப்பதைப் பலர் அறிந்திருப்பதில்லை. விரிந்த குழாய்கள் உடனே பழைய நிலைக்குச் சுருங்காததாலும், நரம்பு மண்டலத்தின் கிளர்ச்சி தணிந்துவிடுவதாலும், அழுத்தம் பயிற்சிக்கு முன் இருந்த அளவையும்விடக் கீழே இறங்கிப் பல மணி நேரம் அங்கேயே தங்குகிறது. ஏற்கெனவே உயர் அழுத்தம் உள்ளவர்களிடம் இந்த இறக்கம் மேலும் தெளிவாகத் தெரியும். சில நிமிட ஏற்றத்துக்கு ஈடாகப் பல மணி நேர இறக்கம் கிடைக்கிறது; அதுவே வாரந்தோறும் தொடரும்போது ஓய்வு நிலை அளவும் மெல்லக் குறைகிறது. உயர் அழுத்தம் உள்ளவர்கள் நடை, மிதிவண்டி போன்ற பயிற்சிகளைத் தவறாமல் செய்துவந்தால் மேல் அளவு சராசரியாக 5 முதல் 8 வரை இறங்கக் காண்கிறோம். மருந்து எடுப்பவருக்கும் எடுக்காதவருக்கும் இது சிறிய பயன் அல்ல.

எடை தூக்கும் பயிற்சியின் இயல்பு வேறு. இறுகிய தசை தனக்குள் ஓடும் குழாய்களையே நெரிப்பதாலும், மூச்சை அடக்கி முக்கும்போது மார்புக்கூட்டின் உள்ளழுத்தம் கூடுவதாலும், மேல் அளவும் கீழ் அளவும் சேர்ந்தே ஏறுகின்றன. 1985-இல் வெளியான ஓர் ஆய்வில், உடற்கட்டுப் பயிற்சியாளர்களின் தமனிக்குள் நேரடியாக நுண்குழாய் செருகி அளந்தபோது, இரு கால்களாலும் பெரும் எடையைத் தள்ளும் பயிற்சியில் சராசரி அழுத்தம் 320/250 வரை சென்றது பதிவாகியிருக்கிறது. சில நொடிகளே நீடிக்கும் ஏற்றம்தான் என்றாலும், அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள் அதைத் தேடிப் போக வேண்டியதில்லை. தாங்கக்கூடிய எடையை எடுத்துக்கொண்டு, கூடுதல் முறை தூக்கி, சிரமப்படும் கணத்தில் மூச்சை வெளியே விட்டுக்கொண்டிருந்தாலே ஏற்றம் பெரிதும் மட்டுப்படும். வாய்விட்டு எண்ணிக்கொண்டே தூக்குவது எளிய வழி. எண்ணும் வாயால் மூச்சை அடக்க முடியாது.

இதைப் படித்துவிட்டு, அசையாமல் தசையை இறுக்கும் பயிற்சிகள் அனைத்தும் தீங்கானவை என்று எண்ணிவிட வேண்டாம். சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலியில் அமர்ந்த நிலையில் இருப்பதுபோல் நிற்பதும், கைப்பிடிக் கருவியை மிதமான விசையில் 2 நிமிடம் அழுத்திப் பிடித்திருப்பதும், மூச்சை அடக்காமல் வாரத்துக்கு 3 முறை எனச் சில வாரங்கள் செய்துவந்தால் ஓய்வு நிலை அழுத்தத்தைக் குறைப்பது பல ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது. அழுத்தம் மிக உயர்ந்திருப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்ட பிறகே இவற்றைத் தொடங்க வேண்டும்.

கருவியைப் பற்றி

வீட்டில் பயன்படும் தானியங்கிக் கருவி, மருத்துவர் காதில் வைத்துக் கேட்கும் ஒலிகளைக் கேட்பதில்லை. பட்டையில் காற்றை நிரப்பி மெல்ல இறக்கும்போது, தமனியின் துடிப்பால் பட்டைக்குள் எழும் சிறு அதிர்வுகளையே அது அளக்கிறது. அந்த அதிர்வு உச்சத்தில் இருக்கும் புள்ளி சராசரி அழுத்தத்தைக் காட்டுகிறது. மேல் அளவையும் கீழ் அளவையும் கருவி அதிலிருந்து கணக்கிட்டுச் சொல்கிறது. கை அசைந்தாலோ, தசை இறுகினாலோ, இதயத் துடிப்பு ஒழுங்கற்று இருந்தாலோ அந்தக் கணக்குப் பிசகும். நடந்துகொண்டோ மிதிவண்டியை மிதித்துக்கொண்டோ இக்கருவியால் அளக்கக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். துடிப்பு ஒழுங்கற்று இருப்பதாக ஏற்கெனவே அறியப்பட்டவர்கள் ஒவ்வொரு வேளையும் 3 முறை அளந்து சராசரி காண வேண்டும்.

மேற்கையில் கட்டும் கருவியையே வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவது, மணிக்கட்டை இதயத்துக்கு நேராகப் பிடிப்பதில் சிறிது தவறினாலும் பிழையான எண்ணைக் காட்டும். மேற்கை மிகப் பருத்திருந்து எந்தப் பட்டையும் பொருந்தாதவர்களுக்கு மட்டும் அது மாற்று வழி. பட்டையின்றி விரலிலோ கைக்கடிகாரத்திலோ அழுத்தத்தை மதிப்பிடும் கருவிகளை நம்பி மருந்தைப் பற்றி முடிவெடுக்கும் நிலை இன்னும் வரவில்லை. வாங்கும் முன், அந்தக் குறிப்பிட்ட மாதிரி முறையான சோதனையில் துல்லியம் உறுதிசெய்யப்பட்டதா என்று பாருங்கள். நிறுவனத்தின் பெயர் அறிமுகமானது என்பது மட்டும் போதாது.

பட்டையின் அளவை நான் தனியாக வலியுறுத்த விரும்புகிறேன், ஏனெனில் இந்தப் பிழை ஒவ்வொரு அளவீட்டிலும் ஓசையின்றித் தொடர்ந்துகொண்டே இருக்கும். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே மேற்கையின் சுற்றளவை அளவுநாடாவால் அளந்து, பட்டையில் அச்சிட்டிருக்கும் எல்லைக்குள் அது வருகிறதா என்று ஒப்பிடுங்கள். பொதுவாக 27 முதல் 34 செ.மீ. வரையுள்ள கைக்கு நடுத்தரப் பட்டையும், 35 முதல் 44 செ.மீ. வரையுள்ள கைக்குப் பெரிய பட்டையும் பொருந்தும். பருத்த கையில் சிறிய பட்டையைக் கட்டினால் இல்லாத அழுத்தம் இருப்பதாகத் தெரியும். மெலிந்த கையில் பெரிய பட்டையைக் கட்டினால் இருக்கும் அழுத்தம் மறைந்துபோகும்.

அமர்ந்து அளப்பது

அளப்பதற்கு முந்தைய 30 நிமிடத்தில் உடற்பயிற்சி, காபி, தேநீர், புகை எதுவும் இருக்கக் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு உட்காருங்கள். நிறைந்த சிறுநீர்ப்பை மட்டுமே மேல் அளவைச் சுமார் 10 வரை உயர்த்திக் காட்டக்கூடும். முதுகு சாயும் நாற்காலியில், பாதங்கள் இரண்டும் தரையில் படிய, கால்மேல் கால் போடாமல் அமர்ந்து 5 நிமிடம் எதுவும் செய்யாமல் இருங்கள். இந்த 5 நிமிடத்தில் கைப்பேசியைப் பார்ப்பதும் ஓய்வல்ல. செய்தியைப் படித்துப் பதற்றப்படும் உடலின் அழுத்தத்தைத்தான் பிறகு அளக்க நேரும்.

பட்டையைத் துணியின் மேல் கட்ட வேண்டாம். சட்டைக் கையை இறுக்கமாகச் சுருட்டி மேலேற்றியும் கட்ட வேண்டாம். வெறும் தோலில், முழங்கை மடிப்புக்கு 2 செ.மீ. மேலே பட்டையின் கீழ்விளிம்பு இருக்கும்படி, ஒரு விரல் நுழையும் இறுக்கத்தில் கட்டுங்கள். பிறகு கையை மேசைமேல் வைத்து, பட்டை இதயத்தின் உயரத்தில் இருக்குமாறு, தேவையானால் அடியில் துண்டோ புத்தகமோ வைத்து உயர்த்துங்கள். கை இதயத்தைவிட 10 செ.மீ. தாழ்ந்திருந்தால் எண் 7 அல்லது 8 கூடுதலாக வரும். அவ்வளவு உயர்ந்திருந்தால் அதே அளவு குறைவாக வரும். மடியில் கையை வைத்து அளப்பவர்கள், தம் அழுத்தத்தோடு இரத்தத்தின் எடையையும் சேர்த்தே அளக்கிறார்கள். கருவி ஓடும்போது பேசக் கூடாது. அருகில் இருப்பவர் கேள்வி கேட்டாலும் தலையசைத்துப் பதில் சொல்லக் கூடாது.

ஒரு நிமிட இடைவெளியில் 2 முறை அளந்து, இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். முதல் எண் கூடுதலாகவும் இரண்டாவது சற்றுக் குறைவாகவும் வருவது வழக்கம். குறைந்ததை மட்டும் எழுதிவைக்கும் ஆசையை அடக்க வேண்டும், ஏனெனில் மருத்துவருக்குத் தேவைப்படுவது உண்மையான சராசரி.

முதன்முறை அளக்கும்போது இரு கைகளிலும் அளந்து பாருங்கள். கூடுதலாகக் காட்டும் கையையே தொடர்ந்து பயன்படுத்த வேண்டும். இரு கைகளுக்கும் இடையே மேல் அளவில் 10-க்கு மேற்பட்ட வேறுபாடு மீண்டும் மீண்டும் தெரிந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். இரத்தச் சுத்திகரிப்புக்காக நாள இணைப்பு செய்யப்பட்ட கையிலும், அக்குளில் நிணநீர்க் கணுக்கள் அகற்றப்பட்ட பக்கத்துக் கையிலும் பட்டையைக் கட்டக் கூடாது.

பயிற்சி செய்யும் நாட்களில்

நான் பரிந்துரைக்கும் ஒழுங்கு இது. காலையில் எழுந்து, சிறுநீர் கழித்து, மாத்திரை, காபி, உணவு, பயிற்சி ஆகிய எதற்கும் முன்பாக அளந்துவிடுங்கள். பிறகு எப்போது நடக்கப் போனாலும் அந்த எண் கெடாது. மாலையில் இரவு உணவுக்கு முன் மறுபடி அளங்கள். மாலையில்தான் நடக்க முடியும் என்றால் நடைக்கு முன்பே அளந்துவிடுவது நல்லது; நடைக்குப் பிறகுதான் இயலும் என்றால், குறைந்தது 30 நிமிடம் கழிந்த பிறகு அளந்து, எண்ணுக்குப் பக்கத்தில் ‘பயிற்சிக்குப் பின்’ என்று எழுதிவையுங்கள். 30 நிமிடத்துக்குப் பிறகு வரும் அளவு ஏற்றத்தைத் தாண்டிவிட்டது என்றாலும் இறக்கத்துக்குள்தான் இருக்கிறது. அந்தக் குறிப்பு இல்லாவிட்டால், மருந்தின் வேலை எது, நடையின் வேலை எது என்று பிரித்துப் பார்க்க முடியாது.

மருத்துவரைப் பார்க்கப் போகுமுன் அல்லது மருந்து மாற்றப்பட்ட பின், இவ்வாறு காலை 2 முறை, மாலை 2 முறை என 7 நாள் அளந்து, முதல் நாளின் எண்களை விட்டுவிட்டு மீதியின் சராசரியைக் காணுங்கள். அளக்கும் புதுமையாலும் பதற்றத்தாலும் முதல் நாள் எண்கள் உயர்ந்திருக்கும் என்பதால் அவை கழிக்கப்படுகின்றன. அழுத்தம் நிலையாகக் கட்டுக்குள் இருப்பவர்கள் ஆண்டு முழுதும் நாள்தோறும் அளந்துகொண்டிருக்கத் தேவையில்லை. ஒரு நாளில் பத்து முறை அளப்பது கவலையைக் கூட்டுகிறது. அந்தக் கவலை அழுத்தத்தையும் கூட்டுகிறது.

எண்களைப் படிப்பது

வீட்டு அளவீட்டின் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் உயர் அழுத்தம் என்பது ஐரோப்பிய வழிகாட்டுதல்களின் எல்லை. இது மருத்துவமனையில் எடுக்கும் 140/90-க்கு இணையானது. 2017-இல் வெளியான அமெரிக்க வழிகாட்டுதல் 130/80 என்ற இன்னும் தாழ்ந்த எல்லையை வகுத்தது. உங்களுக்கான இலக்கு எது என்பது வயது, சர்க்கரை நோய், சிறுநீரகத்தின் நிலை ஆகியவற்றைப் பொறுத்து மருத்துவர் சொல்வது.

மருத்துவமனையில் மட்டும் உயர்ந்து வீட்டில் இயல்பாக இருப்பவர்கள் உண்டு. மருத்துவமனையில் இயல்பாகத் தெரிந்து, வீட்டிலும் வேலையிடத்திலும் உயர்ந்திருப்பவர்களும் உண்டு. இவர்களுடைய நிலையே கூடுதல் கவலைக்குரியது, ஏனெனில் நோய் இருப்பதாக யாரும் ஐயுறுவதில்லை. ஓடுபட்டையில் நடக்கவைத்து மருத்துவமனையில் செய்யும் சோதனை இங்கேதான் ஒரு குறிப்புத் தருகிறது. உழைப்பின் உச்சத்தில் மேல் அளவு ஆண்களுக்கு 210-ஐயும் பெண்களுக்கு 190-ஐயும் எட்டினால், அதை மிகை ஏற்றம் என்று பொதுவாகக் கொள்கிறார்கள். அது ஒரு நோய் என்று பொருளல்ல. ஆனால் அத்தகையவர்களுக்குப் பிற்காலத்தில் உயர் அழுத்தம் வரும் வாய்ப்பு கூடுதல் என்பதும், இப்போதே மறைந்திருக்கும் உயர் அழுத்தம் சிலரிடம் இருக்கலாம் என்பதும் தெரிந்தவை. எனவே அப்படியொரு முடிவு வந்தவர்கள் பயிற்சியைக் கைவிட வேண்டாம்; மேலே சொன்ன 7 நாள் அளவீட்டைச் செய்யட்டும், அல்லது 24 மணி நேரம் கருவியைக் கட்டி அளக்கும் சோதனையைப் பற்றி மருத்துவரிடம் கேட்கட்டும்.

இதற்கு எதிரான ஒன்று உடனடிக் கவனத்துக்குரியது. உழைப்புக் கூடக்கூட மேல் அளவு ஏறாமல் இறங்கத் தொடங்கினால், இதயம் ஈடுகொடுக்க முடியாமல் தவிக்கிறது என்று ஐயுற வேண்டும். சோதனைக்கூடத்தில், மார்பு வலி போன்ற பிற அறிகுறிகளோடு சேர்ந்து 10 மி.மீ.க்கு மேல் இறங்கினாலே சோதனையை நிறுத்திவிடுவார்கள். வெளியே நடப்பவருக்கு இந்த எண் தெரியாது. ஆனால் மார்பில் இறுக்கம் அல்லது வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல், கண் இருட்டுதல், தலைச்சுற்றல் ஆகியவை தெரியும். இவற்றுள் ஒன்று தோன்றினாலும் நின்றுவிட வேண்டும். இன்னும் சிறிது தூரம்தானே என்று தொடரக் கூடாது.

மருந்து எடுப்பவர்கள் அறிய வேண்டியவை

இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா தடுப்பு மருந்துகளை எடுப்பவர்களுக்குப் பயிற்சியின்போது நாடித்துடிப்பு வழக்கம்போல் ஏறாது. வயதைக் கொண்டு கணக்கிட்ட துடிப்பு இலக்கை எட்ட முயன்று உடலை வருத்திக்கொள்ள வேண்டாம். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்ற அளவில் மூச்சு வாங்கினால் உழைப்பு மிதமாக இருக்கிறது என்று பொருள். சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை எடுப்பவர்கள் வெயிலிலும் புழுக்கத்திலும் நீரிழப்புக்கு எளிதில் ஆளாவார்கள். இரத்தக் குழாய்களை விரிக்கும் மருந்துகளை எடுப்பவர்கள் ஓடிக்கொண்டிருந்துவிட்டுச் சட்டென்று நின்றால், கால்களில் தேங்கிய இரத்தம் மேலே ஏறுவதற்குள் மயக்கம் வரக்கூடும். 5 முதல் 10 நிமிடம் மெதுவாக நடந்து, பிறகு நிற்பதே பாதுகாப்பு. எழுந்து நிற்கும்போதெல்லாம் தலை சுற்றினால், அமர்ந்து ஒரு முறையும், எழுந்து நின்று 3 நிமிடத்துக்குள் ஒரு முறையும் அளந்து பாருங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கியிருந்தால் அதை மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

ஓய்வில், முறையாக அமர்ந்து, மீண்டும் அளந்தும் 180/110-க்கு மேலேயே நிற்கும் நாளில் பயிற்சியை ஒத்திவைத்து மருத்துவரை அணுகுங்கள். 180/120-ஐத் தாண்டிய எண்ணோடு மார்பு வலி, மூச்சுத்திணறல், கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், பார்வை மங்குதல் ஆகியவற்றில் ஒன்றும் சேர்ந்திருந்தால், இன்னொரு முறை அளந்து பார்க்கக் காத்திராமல் அவசரச் சிகிச்சைக்குச் செல்ல வேண்டும். அறிகுறி எதுவும் இல்லையென்றால், சில நிமிடம் அமைதியாக இருந்து மறுபடி அளந்து, அப்போதும் அவ்வாறே இருந்தால் அன்றே மருத்துவரிடம் பேசுங்கள்.

பயிற்சியால் சராசரி இறங்கிவருவது தெரிந்தாலும் மாத்திரையைத் தாமே குறைப்பது கூடாது. சில மருந்துகளைத் திடீரென நிறுத்தினால் அழுத்தம் முன்னிலும் வேகமாக ஏறும். நாள், நேரம், இரு எண்கள், நாடித்துடிப்பு, அன்றைய பயிற்சி, மாத்திரை எடுத்த நேரம் ஆகியவற்றைக் குறித்த தாளை அடுத்த சந்திப்புக்குக் கொண்டுபோங்கள். ஆண்டுக்கு ஒரு முறையேனும் கருவியையும் உடன் எடுத்துச் சென்று, மருத்துவமனைக் கருவியோடு அடுத்தடுத்து அளந்து ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு தொடர்ந்து வந்தால் முதலில் பட்டையை மாற்றிப் பாருங்கள். நாட்பட்ட பட்டையும் காற்றுக் கசியும் குழாயும் அதற்குக் காரணமாக இருக்கலாம். அதற்குப் பிறகும் எண் விலகியே நின்றால் புதிய கருவி வாங்க வேண்டியதுதான்.